காரில் வந்து போன பல் டாக்டர்

எங்கள் தெருமுனைப் பள்ளிக்கூடத்தின் பல் அறை நர்ஸைப் பிள்ளைகள் ‘குறடு அக்கா’ என்பார்கள். அவள் கோபமாக நுழைந்தால் மின்விசிறி தானாகவே சுற்றும். மற்ற நாட்களில் சுவிட்சைப் போட்டாலும் சுற்றாது. பெரும்பாலும் சுற்றிக்கொண்டுதான் இருந்தது. சுற்றாதா பின்னே? அவள் வேலைக்குச் சேர்ந்தபோது இருந்த டாக்டர் ஓய்வு பெற்றுப் போனார். அந்த இடத்துக்கு ஆளே போடவில்லை. நாற்காலி உண்டு, விளக்கு உண்டு, ஊசி மருந்துகூட உண்டு. பிள்ளைகளின் வாயைத் திறக்கச் சொல்லி, சொத்தையைப் பார்த்து, மூடச் சொல்லி அனுப்புவதுதான் அவள் வேலை. அதற்குச் சுவர்க் கண்ணாடி போதாதா?

மேலிடத்திலிருந்து சோதனைக்கு ஆள் வரும் நாளில் மட்டும் டாக்டர் முளைப்பார். சுகாதார அதிகாரி ஒரே டாக்டரம்மாவைக் காரில் ஏற்றிப் பள்ளி பள்ளியாக இறக்குவார். சோதனைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டுத் தலைமையாசிரியர் அறையில் டீ குடித்து முடிப்பதற்குள், டாக்டரம்மா அடுத்த பள்ளியில் நிற்பார். முகக்கவசத்துக்கு மேலே தெரியும் கண்களை யார் அடையாளம் காணப் போகிறார்கள்?

அப்படியொரு நாளில் மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி கன்னம் வீங்கி, காய்ச்சலோடு அம்மா மடியில் துவண்டு கிடந்தாள். சோதனைக்காரர் டீ குடிக்கப் போனார். டாக்டரம்மா கையுறையைக் கழற்றப் போனார்.

“கழட்டாதீங்க டாக்டரம்மா. இந்தப் புள்ள வாயப் பாருங்க.”

“கார் நிக்குதுக்கா. ஆபீசரு கத்துவாரு.”

“கத்தட்டும். அவருக்கு வாய் நல்லாத்தானே இருக்கு? இவளுக்குத்தான் இல்ல.”

டாக்டரம்மா குனிந்து பார்த்தார். முகம் மாறியது. “இன்னிக்கே எடுக்கணும். எடுக்கட்டுமாம்மா?” சிறுமியின் அம்மா தலையாட்டியதும் ஊசி போட்டார்.

ஊசி போட்டபின் பாதியில் விட்டுப் போக முடியுமா? கன்னம் மரத்துப்போகக் காத்திருக்கையில் வெளியே ஹாரன் அலறியது. பிறகு அதிகாரியே ஓடி வந்தார்.

“யாரக் கேட்டு ஊசி போட்டீங்க?”

“பெத்தவளக் கேட்டுத்தான் சார்,” என்றாள் குறடு அக்கா. “பல்லு உங்களுதா?”

“அடுத்த ஸ்கூல்ல நாற்காலி காலியாக் கிடக்கும்மா!”

“இங்க வருஷம் பூராக் கிடக்குதே, அப்ப ஓடி வந்தீங்களா? வேணும்னா நீங்க போய் வாயத் தொறந்துட்டு உக்காருங்க.”

பல் வந்தது, சீழும் வந்தது. சிறுமி அம்மா தோளிலேயே தூங்கிப்போனாள்.

சோதனைக்காரர் போய்ப் பார்த்த அடுத்த பள்ளியின் காலி நாற்காலியால் குட்டு உடைந்தது. உடனே டாக்டர்களை நியமித்தார்களாக்கும் என்று நினைக்காதீர்கள். சோதனைக்கு இடையூறு செய்தாள் என்று குறடு அக்காவைத்தான் தூரத்துப் பள்ளிக்குத் தூக்கியடித்தார்கள். இப்போது எங்கள் பள்ளியில் வாயைத் திறக்கச் சொல்லவும் ஆளில்லை.

உத்தரவை வாங்கும்போது அவள் கேட்டாள்: “அங்கயாவது டாக்டர் இருக்காரா சார்?”

அதிகாரி மேஜை டிராயரைத் திறந்து, இல்லாத எதையோ தேட ஆரம்பித்தார்.