இரவல் குப்பை

அந்தக் குடியிருப்பில் அவளுக்குக் 'குப்பை டீச்சர்' என்று பெயர். டீச்சர் வேலை அவள் பார்த்ததே இல்லை. பல்கலைக்கழகத்து ஆராய்ச்சி மையத்தில் ஒப்பந்த வேலை. வீட்டுக் குப்பையில் மக்குவதைத் தனியாகவும் மக்காததைத் தனியாகவும் ஜனங்களைப் பிரித்துப் போட வைப்பது எப்படி என்பதுதான் ஆராய்ச்சி. வாசலில் இருக்கும் வாளியின் மூடியைத் திறந்து, மூக்கைக்கூடச் சுளிக்காமல் உள்ளே பார்ப்பாள். நகைக்கடைக்காரர் கல்லைப் பார்க்கிற தோரணை. இரண்டாம் மாடித் தையல்கார அக்கா அதை ஒரு கண்ணை இடுக்கிக்கொண்டு நடித்துக் காட்டினால் மொத்தப் படிக்கட்டும் சிரிக்கும்.

ஆராய்ச்சி இதுதான். எதிரெதிரே இரண்டு கட்டடங்கள். இந்தக் கட்டடத்தில் ஒழுங்காகப் பிரிக்கிற வீட்டுக் கதவில் ஒரு பச்சை வட்டம் ஒட்டப்படும். பிரிக்கவில்லை என்றால் உரிக்கப்படும். எதிர்க் கட்டடத்துக்கு ஒன்றும் கிடையாது. அது ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு. "மனுஷன் பூமிக்காக மாற மாட்டான், பக்கத்து வீட்டுக்காரனுக்காக மாறுவான்" என்று அவளுடைய பேராசிரியர் அடிக்கடி சொல்வார். சொல்லிவிட்டு, யாராவது எழுதிக்கொள்கிறார்களா என்றும் பார்ப்பார்.

வட்டம் பலித்துவிட்டால் நகராட்சி அதை ஊர் முழுக்க ஒட்டும். மையத்தில் அவளுக்கு நிரந்தர வேலை கிடைக்கும். ஒப்பந்தத்தைப் புதுப்பித்துப் புதுப்பித்தே காதோரம் நரைக்க ஆரம்பித்துவிட்டது அவளுக்கு.

வீட்டில் அவள் பாச்சா பலித்ததில்லை. பஸ் ஓட்டும் கணவர் டீத்தூள், பால் கவர், பழைய பேட்டரி எல்லாவற்றையும் ஒரே கூடையில் போடுவார். கேட்டால், "உள்ள போனா எல்லாம் ஒண்ணுதான். என் பஸ்ஸைப் பாரு" என்பார்.

ஆனால் இந்தக் கட்டடத்தில் வட்டம் பிரமாதமாகப் பலித்தது. கதவுக்குக் கதவு பச்சை. எதிர்க் கட்டடத்தில் நிலைமை முன்பைவிட மோசம். இவ்வளவு பெரிய வித்தியாசத்தைப் பேராசிரியர் தன் வாழ்நாளில் பார்த்ததில்லையாம். நகராட்சிக் கூட்டத்துக்குத் தேதியே வாங்கிவிட்டார்.

கூட்டத்துக்கு முந்தின நாள் அவள் கடைசியாக ஒரு சோதனைக்குப் போனாள். எப்போதும் சொல்லாமல் கொள்ளாமல்தான் போவாள். அப்படித்தான் அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். அவளுடைய ஸ்கூட்டரோ தெருமுனையிலேயே தகர டப்பாவை உருட்டுகிற மாதிரி கத்தும்.

மூன்றாம் மாடியில் தபால்காரத் தாத்தா தனியாக இருந்தார். வேலையிலிருந்து ஓய்வு பெற்றுப் பல காலம் ஆகிறது. பற்களும் ஒவ்வொன்றாக ஓய்வு பெற்று, இப்போது வாயில் ஒன்றுகூடப் பாக்கியில்லை. அவர் வாளியைத் திறந்தாள். காய்கறித் தோல், முட்டை ஓடு. அப்பழுக்கு இல்லை. மேலே ஒரு ஆப்பிள். பாதி கடித்துப் போட்டது. வரிசையாகப் பல் தடம்.

அவள் ஆப்பிளைப் பார்த்தாள். தாத்தாவைப் பார்த்தாள்.

"ஆப்பிள் சாப்பிட்டீங்களா தாத்தா?"

"ஆமாம்மா. உடம்புக்கு நல்லதாச்சே."

"கடிச்சா?"

தாத்தா வாயை மூடிக்கொண்டார். கதவை அகலத் திறந்து, "உள்ள வா" என்றார்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க அவருக்குச் சாமர்த்தியம் போதவில்லை. எல்லாம் வெளியே வந்தது. ஸ்கூட்டர் சத்தம் கேட்டதும் தையல்கார அக்கா தன் வீட்டுக் குப்பையைப் பங்கு போட்டு, படிக்கட்டு வழியாக ஏழெட்டு வீடுகளுக்கு அனுப்பிவிடுவாள். 'இந்தா, நல்ல குப்பை கொஞ்சம் வெச்சுக்கோ' என்று சர்க்கரை இரவல் கொடுப்பதுபோலக் கொடுப்பாள். ஆப்பிளைக் கடித்தது அவளுடைய மகள். தாத்தாவின் சொந்தக் குப்பை ஒரே மூட்டையாகக் கட்டப்பட்டு, சாயங்காலம் எதிர்க் கட்டடத்துத் தொட்டிக்குப் போய்விடும். மற்றவர்களுடையதும் அங்கேதான்.

அவளுக்கு இப்போது கணக்குப் புரிந்தது. இந்தக் கட்டடம் திருந்தவும் இல்லை, எதிர்க் கட்டடம் கெடவும் இல்லை. குப்பை தெருவைக் கடந்திருக்கிறது, அவ்வளவுதான்.

"ஏன் தாத்தா இப்படி?"

"பச்சை வட்டத்தை உரிச்சா கதவு அசிங்கமா இருக்கும்மா. ஊர்ல எல்லார் வீட்டுக் கதவையும் தட்டினவன் நான்."

அன்று வீட்டில் அவள் நடந்ததைச் சொன்னாள். கணவர் சிரிக்கவில்லை. "நான் பிரிக்கிறதில்லைன்னு உன் மூஞ்சிக்கு நேரா சொல்றேன் பாரு, அதை நினைச்சு சந்தோஷப்படு" என்றார். பிறகு, நாளைக்கு அங்கே என்ன சொல்லப் போகிறாள் என்று கேட்டார்.

மறுநாள் கூட்டத்துக்கு முன்பு பேராசிரியரிடம் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டிக்கொண்டு மறுபடி கழற்றினார்.

"இன்னிக்கே சொல்லணுமா? அடுத்த மாசம் சொன்னா அந்த ஆப்பிள் அழுகிடுமா?"

"ஊர் பூரா வட்டம் ஒட்டினா, ஊர்க் குப்பை எல்லாம் எந்த எதிர்க் கட்டடத்துக்கு சார் போகும்?"

கூட்டத்தில் அவளே எழுந்து சொன்னாள். ஆப்பிள் கதைக்கு அதிகாரிகள் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். சிரித்து முடித்துத் திட்டத்தைத் தள்ளி வைத்தார்கள். நிரந்தர வேலை அத்தோடு போயிற்று. ஒப்பந்தம் முடியும்வரை வேறு எதையாவது பாருங்கள் என்றார் பேராசிரியர். கோபமாகச் சொல்லவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அவர் அந்தப் பக்கத்து வீட்டுக்காரன் வாக்கியத்தைச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

வட்டங்களை உரிக்க அவள் ஸ்கூட்டரைத் தெருமுனையிலேயே விட்டுவிட்டு நடந்து போனாள். தாத்தா வீட்டு வட்டத்தில் நகத்தை வைத்தபோது, இத்தனை நாளும் கேட்காத ஒன்றைக் கேட்டாள். வட்டத்தை விடுங்க, பிரிக்கிறதுல உங்களுக்கு என்னதான் கஷ்டம்?

கஷ்டம் பிரிப்பதில் இல்லை. மக்கும் குப்பையை எடுக்கிற வண்டி காலையில் வந்து மணி அடிக்கும். முழங்கால் வலியோடு அவர் கைப்பிடியைப் பிடித்து இறங்குவதற்குள் போய்விடும். ஒரு நாள் தங்கினால் வாளி நாறும். சாயங்காலம் என்றால் அவசரமில்லை. ஒவ்வொரு படியாக உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கி, மூட்டையைப் போட்டுவிட்டு வரலாம். பக்கத்து வீட்டு நர்ஸுக்கோ இரவு வேலை முடிந்து காலையில்தான் தூக்கமே.

அவள் நகத்தை எடுத்துக்கொண்டாள். வட்டம் ஓரத்தில் கொஞ்சம் மடங்கி அப்படியே நின்றது.

மறுநாள் காலையில் வண்டிக்கு முன்னால் போய் நின்றாள். வண்டிக்காரர் மணி அடித்தார், காத்திருந்தார், பொறுமையிழந்தார். எனக்கு இன்னும் நாலு தெரு பாக்கி இருக்கு என்றார். கிழவர் இறங்கி வருகிறவரை நிற்க, இது என்ன கல்யாண ஊர்வலமா என்றும் கேட்டார்.

"இன்னும் கொஞ்சம் நில்லுங்கண்ணே. எவ்வளவு நேரம் நின்னா போதும்னு பார்க்கணும். இப்ப இதுதான் ஆராய்ச்சி."

"இதுக்கெல்லாமா படிக்கிறாங்க" என்று சொல்லிவிட்டு அவர் இன்ஜினை அணைத்தார்.

ஒரு வழியாகத் தாத்தா வாசலுக்கு வந்து வாளியை நீட்டினார். அவள் மூடியைத் திறந்து பார்த்தாள். வாழைப்பழத் தோல், டீத்தூள். கடித்தது எதுவும் இல்லை.