மெடூசாவுக்கு அளவெடுக்கப் போனது

எழுபத்தொன்பதாம் வருடம், ஒரு சனிக்கிழமை காலை ஏழு மணி பஸ்ஸில் குருணிலிருந்து கிளம்பினேன். கைப்பையில் அளவு நாடாவும் சில துணி மாதிரிகளும் இருந்தன. குருணில் பெண்களுக்கான தையல்கடை வைத்திருக்கிறேன். சுங்கைப் பட்டாணியில் ஒரு பள்ளிக்கூடத்தில் கிரேக்கச் சாமிகளின் கதையை ஆங்கில நாடகமாகப் போடுகிறார்கள், உடுப்பு தைக்க வேண்டும் என்று ஆள் அனுப்பியிருந்தார்கள். ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிற எனக்கு மாதா தெரியும், புனிதர்கள் தெரியும், பக்கத்துக் கோயில் மாரியம்மனைத் தெரியும். கிரேக்கச் சாமி ஒருவரையும் தெரியாது.

பதினைந்து கட்டை தூரம்; மைலை இங்கே கட்டை என்போம். டிக்கெட் தொண்ணூறு காசு. வலது பக்கம் ஜெராய் மலை மேகத்தை இழுத்துப் போர்த்திக்கொண்டு கிடந்தது. பீடோங் தாண்டியதும் ரோட்டின் இருபுறமும் ரப்பர் மரங்கள். பஸ்ஸில் பாதிப் பேர் ஷிப்ட் முடிந்து தூங்கி வழிந்தார்கள்.

பள்ளி மண்டபத்தில் நாடகத்தை நடத்துகிற மிசஸ் லில்லி காத்திருந்தார். டாக்டர் வீட்டுப் பெண்மணி, தமிழர். பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, நான் ஒவ்வொருவராக அளக்க, அவர் சாமிகளை எனக்கு அறிமுகம் செய்துவைத்தார்.

"இது ஸியூஸ், எல்லாச் சாமிக்கும் ராஜா. கையில இடி இருக்கும். இது பொசைடன், கடல் சாமி. மூணு முள்ளு ஈட்டி பிடிக்கணும், அதனால கை லூசா வையுங்க. இவ அத்தீனா, புத்திக்கும் சண்டைக்கும் சாமி. இவன் பெர்சியூஸ், ஹீரோ. மெடூசான்னு ஒரு பிசாசு, தலை பூரா பாம்பு. அவ மூஞ்சியப் பார்த்தா ஆளு கல்லாப் போயிருவான். அவ தலைய இவன் வெட்டுவான்."

நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு நிமிர்ந்தபோதுதான் வரிசையை முழுதாகப் பார்த்தேன். எல்லாரும் டவுன் பிள்ளைகள். எல்லாரும் வெளுப்பு. சொல்லிவைத்துப் பொறுக்கியது போல இருந்தது.

"மெடூசா எங்க?" என்று கேட்டேன்.

"தேவின்னு ஒரு பொண்ணு. இங்க மாமா வீட்டுல தங்கிப் படிக்கிறா. நடிக்க மாட்டேன்னு நேத்து பாடாங் மேஹாவுக்குக் கிளம்பிட்டா, அவங்க எஸ்டேட்டுக்கு. நல்ல கறுப்பு, முடியும் காடு மாதிரி. மேக்கப்பே வேணாம் லா, அப்படியே மேடையில ஏத்தலாம். நீங்க போய் அளவெடுத்துட்டு, வரச் சொல்லுங்க ஸ்டெல்லா. நீங்க பேசினா அந்த ஆளுங்களுக்குப் புரியும்."

இதைச் சொன்னவரும் என்னைப் போலக் கறுப்புதான். பவுடர் கொஞ்சம் குறைத்துக் காட்டியது. காது மடல்கள் சூடாகிவிட்டன எனக்கு. நாடாவைச் சுருட்டிப் பையில் போட்டேன். அந்தப் பெண்ணை முதலில் பார்த்துவிட வேண்டும் என்று தோன்றியது.

எஸ்டேட்டுக்குப் பக்கத்து டவுனான பாடாங் செராய்க்குப் போகிற பஸ் பத்தரைக்குத்தான் வந்தது. வழியெல்லாம் நின்று நின்று, கோழிக்கூடை ஏற்றி, பன்னிரண்டு மணிக்குக் கொண்டுபோய் இறக்கியது. அங்கிருந்து எஸ்டேட்டுக்குப் பஸ் கிடையாது. மளிகைச் சாமான் கொண்டுபோகிற வேன்காரர் ஒருவர், பழனி என்று பெயர், முன் சீட்டில் இருந்த வெங்காய மூட்டையைப் பின்னால் தள்ளிவிட்டு இடம் கொடுத்தார்.

"என்ன நாடகம் அக்கா, நம்ம சாமி கதையா?"

"இல்லண்ணே, கிரேக்கச் சாமி."

"அந்தச் சாமிங்களும் சண்டை போட்டுக்குமா?"

"காலையிலதான் பாடமே ஆரம்பிச்சிருக்கேன். பார்த்தா நல்லாப் போடும்னுதான் தெரியுது."

செம்மண் பாதையில் வேன் குதித்துக் குதித்துப் போனது. சாயங்காலம் திரும்பும்போது வந்து ஏற்றிக்கொள்வதாகச் சொல்லி, எஸ்டேட் ஆட்கள் குடியிருக்கிற வீட்டு வரிசையான லயத்து முனையில் இறக்கிவிட்டார்.

தேவியின் அம்மா காளியம்மா ரப்பர் பால் எடுக்கப் பால்மரம் வெட்டிவிட்டு வந்து, குளித்த ஈரத்தோடு குழாயடியில் நின்றிருந்தார். நான் யாரென்று சொன்னதும் அவர் முகம் இறுகியது.

"பிசாசு வேஷத்துக்கு அளவெடுக்கவா இம்புட்டு தூரம் வந்தீங்க, தங்கச்சி?"

"அளவு எடுக்காட்டிப் போகுது அக்கா. புள்ளைகிட்ட ரெண்டு வார்த்த பேசிட்டுப் போறேன்."

உள்ளே கூட்டிப்போய்த் தட்டில் சோறு போட்டார். தேவிக்குப் பதினைந்து வயதிருக்கும். கறுப்புதான். நெற்றி அகலம், நிமிர்ந்த முதுகு, எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னியும் அடங்காத முடி. அந்த முடிக்குக் கிரீடம் எவ்வளவு நன்றாக உட்காரும் என்றுதான் என் தையல்காரக் கண்ணுக்குப் பட்டது.

"எனக்கு அந்தக் கதைங்க எல்லாமே தெரியும் ஆன்ட்டி. லைப்ரரில ஒண்ணு விடாம படிச்சிட்டேன்," என்றாள். "அத்தீனா வேஷம் கேட்டேன். வசனம் முழுக்க மனப்பாடம். அதுக்கு மிசஸ் லில்லி, போய்க் கண்ணாடிய பாத்துட்டு வந்து கேளுன்னாங்க. எல்லாரும் சிரிச்சாங்க. அப்புறம் மெடூசா குடுத்தாங்க. மெடூசாவுக்கு வசனமே இல்ல. துணிக்குப் பின்னால நின்னு தலைய நீட்டணும், அவ்வளவுதான்."

"அந்த மெடூசா யாரும்மா? பொறக்கும்போதே பாம்போடதான் பொறந்தாளா?"

"அப்படியும் ஒரு கதை இருக்கு. நான் படிச்ச இன்னொண்ணுல, அவ அழகான பொண்ணு. முடிதான் அவளுக்கு ரொம்ப அழகு. அத்தீனா கோயில்ல வச்சு பொசைடன் அவள பலவந்தப்படுத்திட்டான். கோயில் அசுத்தமாயிருச்சின்னு அத்தீனாவுக்குக் கோவம். அந்தக் கோவத்துல இவ முடிய பாம்பாக்கிட்டா. அதுக்கப்புறம் பெர்சியூஸ் வந்து வெட்ட, வழி சொல்லி, கேடயம் குடுத்து அனுப்பினதும் அத்தீனாதான்."

சோற்றில் வைத்த கை அப்படியே நின்றது. காலையில் என் முன்னால் கையை அகட்டி நின்ற கடல் சாமியின் தோளை அளந்தது ஞாபகம் வந்து விரல்கள் கூசின.

காளியம்மா அம்மிப் பக்கத்தில் குத்துக்காலிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். "அந்தக் கடல் சாமிய என்ன செஞ்சாங்க?" என்றார்.

"ஒண்ணும் செய்யலம்மா."

அவர் கதவுப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "இங்க ஆபீஸ்ல கணக்கெழுதுற கிராணி ஒருத்தன் இருக்கான், தங்கச்சி. பால் நிறுக்கிற கொட்டகையில ஒரு புள்ளையோட கையப் புடிச்சு இழுத்தான். அது கத்துச்சு. பெரிய தொரைகிட்ட விசாரணை நடந்துச்சு. கடைசில என்ன ஆச்சு? அந்தப் புள்ளையோட குடும்பத்துக்குத்தான் வீட்ட காலி பண்ணச் சொன்னாங்க. கிராணி இன்னைக்குக் காலையிலயும் அதே கொட்டகையில நின்னு எனக்குப் பால் நிறுத்தான்."

நான் எழுந்து கை கழுவினேன். பிறகு தேவிதான் சொன்னாள்: "பேச விட்டா நான் வர்றேன் ஆன்ட்டி. மெடூசாவுக்கு வசனம் வேணும்."

அளவெடுத்தேன். அவள் அசையாமல் நின்றாள்.

பழனி அண்ணன் வேனில் வந்து, பஸ் பிடித்து, சுங்கைப் பட்டாணியில் மிசஸ் லில்லி வீட்டு வாசலில் நிற்கும்போது ஆறு மணியாகிவிட்டது. கதவைத் திறந்த உடனே சொன்னேன். மெடூசா பேச வேண்டும். கோயிலில் நடந்தது நாடகத்தில் வர வேண்டும்.

"அந்தக் கதை எனக்கும் தெரியும், ஸ்டெல்லா," என்றார். "சின்னப் பிள்ளைங்க நாடகத்துல அத எப்படிப் போடறது? முன் வரிசையில பெரிய ஆளுங்கள்லாம் உக்காந்திருப்பாங்க."

"பலவந்தம் பண்ணவன் கிரீடம் வச்சுக்கிட்டு நிக்கலாம். அத பெரிய ஆளுங்க பார்க்கலாம். அவ வாயத் திறந்தா மட்டும் அசிங்கமா, மேடம்?"

"உங்க வேலை தைக்கிறது."

"ஆமா. அவ பேசலன்னா நான் தைக்கல. ஸியூஸ் சாமி ஸ்கூல் யூனிஃபார்ம்ல வரட்டும்."

அவர் உள்ளே போய் நாடகத் தாள்களை எடுத்து வந்தார். அப்புறம் நாலு வரி ஆங்கிலத்தில் கொடுப்பதாகவும், கோயில் விஷயம் அதில் இருக்காது என்றும் சொன்னார். எனக்கு ஆறவில்லை. ஆனாலும் தைக்க உட்கார்ந்தேன். அத்தீனாவுக்கு வெட்டிய அதே வெள்ளைத் துணியிலேயே மெடூசாவுக்கும் வெட்டினேன். பாம்புகளுக்குப் பச்சைப் பட்டு போட்டேன். அப்படித் தைக்கச் சொல்லி யாரும் என்னிடம் கேட்கவில்லை.

இரண்டு வாரம் கழித்து, சனிக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு நாடகம். காளியம்மாவும் லயத்துப் பெண்கள் ஏழெட்டுப் பேரும் பழனி அண்ணன் வேனில் வந்து இறங்கினார்கள். உட்காரக் கடைசி வரிசைதான் கிடைத்தது. நான் அவர்கள் பக்கத்தில் நின்றேன். மேடையில் சாமிகள் ஆங்கிலத்தில் முழங்கினார்கள். நம் பெண்களுக்கு ஒன்றும் புரியவில்லை. உடுப்பை மட்டும் பார்த்தார்கள்.

தேவி வந்தாள். கொடுத்த நாலு வரியைச் சுத்தமான ஆங்கிலத்தில் சொன்னாள். பெர்சியூஸ் வாளை ஓங்கினான். அவள் அவனைப் பார்க்கவே இல்லை. கடைசி வரிசையைப் பார்த்துத் தமிழில் ஆரம்பித்தாள்.

"நான் கோயிலில் இருந்த பெண். கடல் சாமி வந்தான். நான் கத்தினேன். யாரைக் கும்பிட்டேனோ அவளே என் முடியைப் பாம்பாக்கினாள். அவனுக்கு இன்றைக்கும் கடல் இருக்கிறது. எனக்கு இந்த முகம். இதைப் பார்த்துத்தான் பயப்படுகிறீர்கள். அவனைப் பார்த்து ஏன் பயப்படவில்லை?"

சொல்லிவிட்டுத் தலையை நீட்டாமல், மேடையை விட்டு இறங்கி நடந்துபோய்விட்டாள். பெர்சியூஸ் பாவம், வெட்டத் தலை இல்லாமல் வாளோடு நின்றான். முன் வரிசையில் பாதிப் பேருக்குத் தமிழ் புரியவில்லை. புரிந்தவர்கள் தரையைப் பார்த்தார்கள். காளியம்மா எழுந்து நின்றுகொண்டிருந்தார். அவர் பக்கத்துப் பெண்களும் ஒவ்வொருவராக எழுந்தார்கள்.

முடிவில் எல்லாரையும் நிறுத்திப் படம் பிடித்தார்கள். தேவியைக் கூப்பிடவில்லை. இனிமேல் எந்த நாடகத்திலும் அவளுக்கு இடமில்லை என்று மிசஸ் லில்லி என் காதுபடவே சொன்னார். நான் அதை அவளிடம் கொண்டுபோனபோது, "தெரிஞ்சுதான் ஆன்ட்டி பேசினேன்," என்றாள். கண் மட்டும் சிவந்திருந்தது. வேன் புறப்பட்டது. திங்கட்கிழமை காலையில் அந்தக் கிராணி அதே கொட்டகையில் நின்றுதான் இருப்பான். ஒரு நாடகம் அவனை என்ன செய்துவிடும் என்ற ஆத்திரத்தோடு குருண் பஸ்ஸில் ஏறினேன்.

பக்கத்து சீட்டில் ஃபேக்டரி உடுப்பில் ஒரு பெண், இரவு ஷிப்டுக்குப் போகிறவள். தேவி கழற்றிக் கொடுத்த உடுப்பு என் மடியில் இருந்தது; அதிலிருந்து எட்டிப் பார்த்த பச்சைப் பாம்பைக் காட்டி என்ன என்று கேட்டாள். வாயை மூடிக்கொண்டு வந்திருக்கலாம், முடியவில்லை. பீடோங் வருவதற்குள் கோயில், கடல் சாமி, அத்தீனா, பாம்பு எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டேன்.

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தூங்கிவிட்டாள் என்று நினைத்தேன். ஃபேக்டரி விளக்குகள் தெரிய ஆரம்பித்தபோது, "எங்க லைன்லயும் ஒரு சூப்பர்வைசர் இருக்கான் அக்கா," என்றாள். அவன் பெயரைச் சொன்னாள். இன்னொரு தடவை, பின் சீட்டுக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்.