தொட்டித் தண்ணீரில் ஒரு சிட்டிகை ஹைப்போ

போன வாரம் என் மகன் கூடத்தில் ஒரு மீன் தொட்டி வாங்கி வைத்தான். கூடவே கடைக்காரர் கொடுத்த ஒரு குட்டிப் பொட்டலம். "தண்ணிக்கு மருந்தும்மா. குழாத்தண்ணில குளோரின் இருக்கும், இதப் போட்டாத்தான் மீன் பொழைக்கும்" என்று எனக்குப் பாடம் எடுத்தான். பிரித்துப் பார்த்தேன். கற்கண்டு மாதிரி வெள்ளைக் கட்டிகள். அடப்பாவி, போட்டோ கழுவுகிற ஹைப்போ! என் வாலிபம் முழுக்க இதில்தானே கை ஊறிக் கிடந்தது.

ஐம்பதுகளில் புதுக்கோட்டையில் நாங்கள் போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்தோம். படம் பிடிப்பது என் வீட்டுக்காரர். இருட்டறையில் அதைக் கழுவுவதும், காய்ந்ததும் கன்னத்துக்கு ரோஸ் பூசுவதும் நான். என் தூரிகையால் சிவப்பான மாப்பிள்ளைகள் இந்த ஜில்லாவில் ஏராளம். அந்தப் பாவமெல்லாம் என் கணக்கில்தான்.

காமிராவுக்கு ஒரு பக்கமாகக் கண்ணாடித் தொட்டி, அதில் இரண்டு தங்கமீன். அழகுக்கு வைத்தது என்று நினைத்துவிடாதீர்கள். அந்தக் காலத்துக் காமிராவுக்கு அசையாமல் உட்கார வேண்டும். எந்தப் பிள்ளை உட்காரும்? மீனைக் காட்டினால் உட்காரும்.

ஆனால் மீன் உயிரோடு இருக்க வேண்டுமே! முதல் ஜோடியை என் வீட்டுக்காரர் செப்புக்குடத் தண்ணீர் ஊற்றி மேலே அனுப்பினார். அடுத்த ஜோடி, நான் தொட்டியைக் குத்துவிளக்கு மாதிரி புளி போட்டுத் தேய்த்ததில் போயிற்று. அப்புறம்தான் சூட்சுமம் பிடிபட்டது. தண்ணீரை மொத்தமாக மாற்றக் கூடாது. கால்வாசி இறைத்துவிட்டு, முந்தின நாளே மண்பானையில் பிடித்து வைத்ததை ஊற்ற வேண்டும். காத்திருக்கிறவர்கள் பாசத்தில் பொரி போடுவார்கள், தின்னாத பொரி ஊறித் தண்ணீர் நாறும். "பொரி போட்டா படம் கோணலா விழுமுங்க" என்று ஒரு புளுகு விட்டேன், கப்சிப். தொட்டித் தண்ணீர் விஷயத்தில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது என்று அப்போதே எனக்கு நினைப்பு.

ஒரு கோடையில் ஊரில் வயிற்றுப்போக்கு பரவ, கிணறுகளில் பிளீச்சிங் பவுடர் போட்டுவிட்டுப் போனார்கள். அது தெரியாமல் என் வீட்டுக்காரர், தொட்டியில் மட்டம் குறைகிறதே என்று கிணற்றிலிருந்து நேராக ஒரு வாளி இறைத்து ஊற்றிவிட்டார். நான் பார்க்கும்போது இரண்டு மீனும் மேலே வந்து திணறிக்கொண்டிருந்தன. ஒன்று ஒருக்களித்தே விட்டது.

அந்த நேரம் பார்த்துக் கோட்டைப்பட்டினத்திலிருந்து ஒரு குடும்பம் வந்து இறங்கியது. புருஷன், துப்பட்டி போர்த்திய மனைவி, அவள் இடுப்பில் கடையே அதிர அழும் ஒரு பையன்.

"நாளன்னைக்கு நாகப்பட்டினத்துல கப்பலுங்க. பினாங்கு போறேன். திரும்பி வர எத்தன வருசமோ! புள்ள படத்த வாங்காம நான் இங்கிருந்து நகர மாட்டேன்" என்றார் அவர்.

கிலுகிலுப்பை ஆட்டினோம். மிட்டாய் கொடுத்தோம். அழுகை நிற்கவில்லை. இரண்டு பிளேட் வீண். "மீன் செத்தா இன்னைக்குப் படமில்ல" என்று என் வீட்டுக்காரர் காதைக் கடித்தார்.

அன்று காலை கிணற்றடியில் என் கையில் ஏறிய பிளீச்சிங் நெடி, இருட்டறையில் ஹைப்போத் தட்டில் கை வைத்ததும் காணாமல் போயிருந்தது. சட்டென்று அது ஞாபகம் வந்தது. ஒரு டம்ளர் கிணற்றுத் தண்ணீரில் கொஞ்சம் ஹைப்போ போட்டு மோந்து பார்த்தேன். நெடி இல்லை.

"அடியே, அது படம் கழுவுற மருந்து! மீனக் கொன்னுறாத!"

"இப்ப மட்டும் என்ன வாழுதாம்? சும்மா இருங்க."

ஒரு சிட்டிகையைத் தொட்டியில் கரைத்தேன். செம்பில் மொண்டு, காபி ஆற்றுகிற மாதிரி உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டே இருந்தேன். கை கடுத்தது. ஒருக்களித்துக் கிடந்த மீன் வாலை ஒரு சுண்டு சுண்டியது. நிமிர்ந்தது. நேராக அடிக்குப் போய் ஒரு வட்டம் அடித்தது. பையன் அழுகையை விட்டுவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக் கண்ணை அகல விரித்தான். என் வீட்டுக்காரர் காமிரா மூடியைத் திறந்து மூடினார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சாயங்காலம் பினாங்குக்காரர் படத்தை மார்போடு அணைத்துக்கொண்டு பஸ் ஏறினார்.

பிறகு பளிச்சென்று வெட்டும் பல்பு வந்தது. பிள்ளைகள் அசைந்தாலும் படம் விழுந்தது, மீன்களுக்கு வேலை போயிற்று. தொட்டியைக் கேட்டவருக்குக் கொடுத்துவிட்டோம். இன்று அந்த ஸ்டூடியோவும் இல்லை, என் வீட்டுக்காரரும் இல்லை. ஹைப்போ மட்டும் பொட்டலமாக என் வீடு தேடி வந்திருக்கிறது.

தொட்டியைக் கொடுத்துச் சில காலம் கழித்து அந்தக் கோட்டைப்பட்டினத்துக்காரர் ஸ்டூடியோவுக்குத் திரும்பி வந்தார். தலை நரைத்திருந்தது. கூடவே மீசை அரும்பிய மகன். சட்டைப்பையிலிருந்து மடிப்பு விழுந்த அந்தப் படத்தை எடுத்தார்.

"தெனமும் பாப்பேங்க்கா. எப்படித் திருப்பிப் பிடிச்சாலும் புள்ள என்னையப் பாக்கல, ஒங்க மீனத்தான் பாக்குறான். அத நானும் ஒருக்கா பாத்துட்டுப் போறேன். எங்கக்கா?"

தொட்டி இருந்த இடத்தைக் காட்டினேன். வெறும் சுவர். அவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பையன் அவரையே பார்த்துக்கொண்டு நின்றான்.