அடுத்த பாயில் இருந்தவர்

முதலில் என் முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். கர்த்தருடைய மகிமை அப்போதுதான் எடுப்பாகத் தெரியும். அடுத்தவர் மகள் பள்ளிக்கூடத்தில் அழ வேண்டும் என்று உபவாசம் இருந்து ஜெபித்தவன் நான்.

தொண்ணூற்றெட்டு ஜூனில் என் மகள் எஸ்தர், திருக்கழுக்குன்றத்திலிருந்து செங்கல்பட்டுக்கு ஆறாம் வகுப்புக்குப் போனாள். ஊர்ப் பள்ளியில் வாய் ஓயாதவள், அங்கே ஊமையாகிவிட்டாள். பஸ்ஸைப் பார்த்தாலே வாந்தி. சாயங்காலம் டிபன் டப்பா திறக்காமலே திரும்பி வரும். மூன்றே வாரத்தில் கழுத்தெலும்பு தெரிந்தது. பள்ளிக்கூடம் வேண்டாம், அம்மாவோடு சித்தாள் வேலைக்குப் போகிறேன் என்றாள். எங்கள் குடும்பத்தில் ஐந்தாவதைத் தாண்டியவர் அதுவரை யாருமில்லை.

அதே வகுப்பில்தான் எங்கள் சபைக்கு வரும் தாசன் என்பவரின் மகள் பிரிசில்லா. முதல் வாரமே லீடர். தாசன் ஞாயிறுதோறும் எழுந்து அதைச் சாட்சியாகச் சொல்வார். எல்லாரும் அல்லேலூயா என்பார்கள். நானும் சொன்னேன், பல்லைக் கடித்துக்கொண்டு. என் வயிற்றெரிச்சலில் ஒரு குண்டான் சோறு வடித்திருக்கலாம்.

வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் எல்லாரும் ஒரே நேரத்தில் வாய்விட்டு ஜெபிப்போம். டிரம் வேறு அதிரும். அந்த இரைச்சலை நம்பி மனதைக் கொட்டினேன். “ஆண்டவரே, எஸ்தரைச் சிரிக்கப் பண்ணும். இல்லாங்காட்டி அந்தப் பிரிசில்லாவையாவது கொஞ்சம் அழ வையும்.” தாசன் அடுத்த பாயில்தான் முழங்காலில் இருந்தார்.

நாலாவது வாரம் திங்கட்கிழமை டப்பா காலியாக வந்தது. நாய்க்குக் கொட்டினாளோ என்று சந்தேகப்பட்டேன். மறுநாளும் காலி. புதன்கிழமை, இன்னும் ஒரு கரண்டி சேர்த்து வைக்கும்படி அம்மாவிடம் கேட்டாள். விசாரித்தால், பிரிசில்லா முதல் பெஞ்சை விட்டுக் கடைசி பெஞ்சுக்கு வந்து இவள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். “எங்க நைனாதான் போய் குந்த சொல்லிச்சு” என்றாளாம். இரண்டு பேரும் சோற்றை மாற்றி மாற்றித் தின்கிறார்கள்.

அன்று அழுதது நான்தான். என் ஜெபத்தில் பாதியைத் தேவன் தள்ளிவிட்டார். மீதிப் பாதிக்கு, நான் யாரைப் பார்த்துப் புழுங்கினேனோ அந்த வீட்டிலிருந்தே பதில் அனுப்பினார்.

எஸ்தர் இப்போது நர்சிங் படிக்கிறாள். பிரிசில்லாவின் மார்க்கைக் கேட்டால் எனக்கு இன்னும் லேசாக எரியும். உடனே ஜெபித்து அணைத்துவிடுகிறேன். பிள்ளையைப் புதுப் பள்ளியில் விட்டுவிட்டுத் தவிக்கிறவர்களே, அவரிடம் கேளுங்கள். யார் மூலமாக என்பதை மட்டும் அவரிடமே விட்டுவிடுங்கள்.

டப்பா காலியாக வந்த அந்த வாரத்து ஞாயிறு, ஆராதனை முடிந்ததும் தாசனிடம் போய் நின்றேன். “அண்ணாத்த, உன் பொண்ணு அழணும்னு ஜெபம் பண்ணிக்கினு இருந்தேன்” என்றேன்.

அவர் சைக்கிள் ஸ்டாண்டைத் தட்டிவிட்டபடி சொன்னார்: “தெரியும்பா, சத்தமாத்தான பண்ண.”