வைக்கோல் போருக்குத் தீ வைத்தவள்

உருளைக்கிழங்கு மூன்றாம் வருடமும் மண்ணுக்குள்ளேயே அழுகியது. கெர்ரி மாவட்டத்தில் ஷே குடும்பத்தில் பஞ்சத்துக்குத் தப்பி மிஞ்சியவர்கள் இரண்டு பெண்கள்தான். மூத்தவள் ஒனோரா பண்ணையாரின் ஆட்டைத் திருடித் தங்கைக்கு வேகவைத்துக் கொடுத்தாள், அன்றைக்கே பிடிபட்டாள். ஏழு வருடம் நாடுகடத்தல், கடலுக்கு அப்பால் வான் டீமன் தீவுக்கு.

தங்கை கொப்னெட்டுக்குப் பதினெட்டு வயது. அக்கா இல்லாத வீட்டில் அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. அடுப்பு நெருப்பை எடுத்துப் போய் அதே பண்ணையாரின் வைக்கோல் போரில் செருகினாள். ஓடவில்லை. போலீஸ் வரும்வரை பக்கத்திலேயே நின்று குளிர்காய்ந்தாள்.

"எதுக்கும்மா வச்ச?" என்றார் நீதிபதி.

"அந்தாளு மூஞ்சி பிடிக்கல, ஐயா. வெளிய விட்டா மறுபடியும் வைப்பேன்."

அவளுக்கும் ஏழு வருடம் கிடைத்தது. கும்பிடாத குறையாக நன்றி சொன்னாள். நீதிபதிக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

டப்ளின் சிறையில் கப்பலுக்குக் காத்திருந்த ஒனோரா அவளைப் பார்த்ததும் கன்னத்தில் ஒன்று விட்டாள். பிறகு கட்டிக்கொண்டு அழுதாள்.

"அறிவு கெட்டவளே, வெளிய இருந்து பொழைச்சிருக்கலாம்ல?"

"யாரோடக்கா பொழைக்க?"

அந்தக் குளிர்காலம் முழுக்க ஒரே கம்பளிக்குள் தூங்கினார்கள். தினமும் கஞ்சி கிடைத்தது. சொல்லவே வெட்கமாக இருக்கிறது, எங்கள் நாட்டில் அவர்கள் வயிறார இருந்த இடம் சிறைதான்.

கப்பல் ஏறும் நாளில் வைத்தியர் ஒனோராவின் நெஞ்சில் காது வைத்துக் கேட்டார். "நுரையீரல் போச்சு. இவ கடல் தாங்க மாட்டா. இங்கயே கிடக்கட்டும்."

அடுத்து நின்ற கொப்னெட் தொண்டை கிழிய இருமினாள்.

"நல்லா நடிக்கிற. ஏறு."

"தண்டனைய ரெண்டு மடங்காக்குங்க ஐயா, என்னையும் இங்கயே வைங்க!"

தீ வைத்துக் கேட்டு வாங்கிய தண்டனையாயிற்றே, அதை மட்டும் குறையில்லாமல் கொடுத்தார்கள்.

கரை மறைந்ததும் கொப்னெட் தலைமுடியை அவிழ்த்துவிட்டு, அக்கா பேரைச் சொல்லி ஒப்பாரி வைத்தாள்.

"வாய மூடுடி! உயிரோட இருக்கறவளுக்கு ஒப்பாரி வைக்கலாமா?" என்று உடன் வந்த பெண்ணொருத்தி சீறினாள்.

"அவளுக்கு அழ நான் ஒருத்திதான் இருந்தேன். அவ சாகறப்ப நான் பக்கத்துல இருக்க மாட்டேனே!"

சீறியவள் தானும் தலைமுடியை அவிழ்த்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள்.

கொப்னெட் அந்தத் தீவிலேயே மரம் அறுப்பவன் ஒருவனைக் கட்டிக்கொண்டு, பிள்ளைகள் பெற்று, கிழவியானாள். அக்காவைப் பற்றி ஒரு சேதியும் வரவில்லை. இன்னொரு முறை அழ அவளுக்கு ஆசைதான். எந்த நாளில் அழுவது என்றுதான் தெரியவில்லை.