ஏழாவது ஆள்

ஆரஞ்சுச் சுளையில் எலுமிச்சைச் சாதத்தின் தாளித்த வாசனை ஏறியிருந்தால், அது அமெரிக்காவில் எங்கள் ஊரான பிளானோவின் சனிக்கிழமைக் காலை என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவேன். ஆட்ட இடைவேளையில் மற்ற அணிப் பிள்ளைகள் ஆரஞ்சு மட்டும் தின்பார்கள். எங்கள் அம்மாக்களோ, "வெறும் பழத்தைத் தின்னுட்டு எப்பிடி ஓடும் பிள்ளைங்க" என்று அதே ஐஸ் பெட்டியில் சாத டப்பாவையும் திணித்துக் கொண்டுவருவார்கள். தின்றுவிட்டு நாங்கள் ஓடிய லட்சணம் ஸ்கோரில் தெரியும்.

அந்தக் கால்பந்து கிளப்பைத் தொடங்கியவர் பக்கத்து வீட்டு கார்மெனு அங்கிள். மால்டாக்காரர், நாங்கள் போகும் மாதா கோயிலுக்குத்தான் அவரும் ஞாயிறு பூசைக்கு வருவார், அப்படித்தான் அப்பாவுக்குப் பழக்கம். இளவயதில் தம் ஊரின் சின்னஞ்சிறு கிளப்பில் விளையாடியவர், அதன் சிவப்பு வெள்ளைச் சட்டையையே எங்களுக்கும் தைத்துக் கொடுத்தார். உள்ளதைச் சொன்னால், அவருக்குப் பயிற்சி கொடுக்கவே வராது; வரலாறு சொல்லத்தான் வரும். கோல் வாங்கிவிட்டுத் தலையைத் தொங்கப்போட்டு நின்றால், புல்லே முளைக்காத தரையில் முட்டி பெயர்ந்ததையும், ஜெயித்த அன்று லாரியில் ஏறி ஊரெல்லாம் ஹாரன் அடித்ததையும் ஆரம்பித்துவிடுவார். அடிக்கடி சொன்னது சூசையப்பர் திருநாள் ஆட்டத்தைத்தான். அன்று இளைஞர்களெல்லாம் புனிதரின் சிலையான சுரூபத்தைத் தோளில் சுமக்கப் போய்விட, மைதானத்துக்கு வந்தது ஆறே பேராம். ஏழு பேர் இல்லையென்றால் ஆட்டம் கிடையாது, கிளப்பையே லீக்கிலிருந்து நீக்கிவிடுவார்கள். கடைசி நிமிடத்தில் ஏழாவது ஆள் சுரூபம் சுமந்த அங்கியோடு ஓடிவந்து கிளப்பைக் காப்பாற்றினானாம். "நம்ம ஊர் சப்பரம் மாதிரியேல்ல இருக்கு" என்று அப்பா ஒவ்வொரு முறையும் புதிதாகக் கேட்பவர்போல் வியப்பார்.

எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. சோடாபுட்டிக் கண்ணாடி போட்ட குண்டுப் பெண்ணை வேறு எந்த அணியும் சீந்தவில்லை. கார்மெனு அங்கிள்தான் யோசிக்காமல் கோல்கீப்பர் கையுறையைக் கொடுத்தார். கிளப் மூடினால் எனக்குப் போக்கிடம் இல்லை. எங்கள் லீக்கிலோ, ஒரே பருவத்தில் மூன்று முறை ஏழு பேர் சேராவிட்டால் அணி காலி. முதல் முறை ஆளுக்கொன்று சமைத்துவந்து கூடித் தின்னும் பொங்கல் "பாட்லக்"கால் போயிற்று, அடுத்தது யாரோ ஓர் அக்காவின் அரங்கேற்றத்தால். மூன்றாவதற்கு அடிபோட்டவர் என்னைப் பெற்றவர். அணியின் மேனேஜரும் அவரே, தமிழ்ப்பள்ளி ஆண்டுவிழாப் பொறுப்பாளரும் அவரே. ஆட்டம், விழா இரண்டையும் ஒரே சனிக்கிழமை காலையில் வைத்திருந்தார்.

"ரெண்டு ஈமெயிலையும் நீங்கதானே அனுப்புனீங்க?" என்றார் அம்மா.

"வேற வேற குரூப்புக்குல்ல அனுப்புனேன்" என்றார் அப்பா.

அரங்கத்தையும் மாற்ற முடியவில்லை, ஆட்டத்தையும் மாற்ற முடியவில்லை. அணியில் நடனத்துக்கும் பாட்டுக்கும் நாடகத்துக்கும் பெயர் கொடுத்திருந்தவர்கள் மைதானத்துக்கு வராமல் கழன்றுகொண்டார்கள். அந்தக் காலை மைதானத்தில் நாங்கள் ஆறு பேர். பதினைந்து நிமிடம் பொறுப்பேன் என்று நடுவர் கைக்கடிகாரத்தைப் பார்க்க, அங்கிள் காரை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

பிறகு நடந்தது அப்பா சொல்லித் தெரியும். அங்கிள் நேரே ஆண்டுவிழா அரங்கின் ஒப்பனை அறைக்குள் போய், மீசை வரைந்து ராஜா வேடத்தில் உட்கார்ந்திருந்த எங்கள் அணிப் பையன் பிரவீனைக் காட்டி, ஒரே ஒரு மணி நேரம் என்று கும்பிட்டாராம். "ராஜா இல்லாம எப்பிடி அங்கிள் நாடகம் போடறது?" என்று நாடக ஆன்ட்டி கையை விரிக்க, அப்பாதான், "டான்ஸையெல்லாம் முன்னாடி தள்ளிருவோம் மேடம், நாடகம் கடைசில வெச்சிக்கலாம்" என்று நிகழ்ச்சி நிரலையே புரட்டிப்போட்டார்.

ராஜா வந்து இறங்கினார். நடுவர் காதுக் கடுக்கனை மட்டும் கழற்றச் சொன்னார். ஒன்பது கோல் வாங்கினேன். நாங்கள் ஒன்றும் போடவில்லை. ஆனால் அணி பிழைத்தது. அங்கிள் எங்களை மினிவேன்களில் ஏற்றி, ஜெயித்தவர்களைப்போலத் தெருத்தெருவாக ஹாரன் அடிக்கவைத்தார். குடியிருப்போர் சங்கத்திலிருந்து கண்டனக் கடிதம்கூட வந்தது. வெட்கமாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன், அதைவிடச் சந்தோஷமாகவும் இருந்தது.

போன மாதம் கார்மெனு அங்கிள் காலமானார். அடக்கத்துக்கு மால்டாவிலிருந்து வந்த அவருடைய அக்காவிடம், அந்தச் சூசையப்பர் திருநாள் ஆட்டத்தைப் பற்றிப் பேச்செடுத்தேன். அந்த அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, ஏழாவது ஆள் வரவேயில்லை என்றார். வரவேண்டியவர் அங்கிள்தானாம், சுரூபத்தின் அடியிலிருந்து தோளை எடுக்க மனம் வராமல் நின்றுவிட்டாராம். அந்த வருடமே கிளப்பை நீக்கிவிட்டார்கள், பிறகு அது தொடங்கப்படவே இல்லை.

எங்கள் மைதானத்தில் இப்போது ஏதோ கம்பெனியின் கார்கள் நிற்கின்றன. பிள்ளைகள் வளர்ந்து ஆளுக்கொரு காலேஜுக்குப் போனதும் கிளப்பும் முடிந்தது. ஆனால் அந்த ஆண்டுவிழாவுக்குப் பிறகு ஆறு வருடம் விளையாடினோம், ஒரு சனிக்கிழமைகூட ஆள் குறையவில்லை. ஒவ்வொரு சனிக்கிழமையும் விடிந்ததும் வீடு வீடாக வந்து கதவைத் தட்டிக் கூட்டிப்போனவர் அங்கிள்தான்.