பால்பவுடர் டப்பா விமானம்

குவைத்துக்கு வேலைக்குப் போன அப்பா பெட்டியில்தான் திரும்பி வந்தார். அது நடந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை, மாமாவுக்கும் அங்கே போக விசா வந்துவிட்டது. மாமா என்றால் அம்மாவின் கூடப்பிறந்த ஒரே தம்பி. "நீயும் பிளேன்ல ஏறுனா என்னய உசுரோட பாக்க மாட்டடா" என்று சொல்லிவிட்டு, அம்மா அவருடைய பாஸ்போர்ட்டை அரிசிப் பானைக்குள் போட்டு மூடிவிட்டாள்.

மாமா சண்டை போடவில்லை. பழைய புத்தகக் கடையில் ஒரு புத்தகம் வாங்கிவந்து எனக்கு வாசித்துக் காட்ட ஆரம்பித்தார். எனக்கு ஒன்பது வயது. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் எனக்கு எதற்கு அம்புட்டுச் சத்தம் என்று தோன்றும். அடுப்படி வாசலில் உட்கார்ந்துகொண்டு தெருவுக்கே கேட்கிற மாதிரி வாசிப்பார்.

அந்தப் புத்தகத்தில் இத்தாலிக்காரர்கள் அந்தக் காலத்திலேயே பறக்கும் படகு என்று ஒரு தண்ணீர் விமானம் செய்திருந்தார்கள். ஒட்டிப்பிறந்த பிள்ளைகள் போல இரண்டு படகு, மேலே ஒரே றெக்கை. கூட்டமாகக் கிளம்பி, ஆப்பிரிக்கக் கரையிலிருந்து அட்லாண்டிக் கடலைத் தாண்டிப் பிரேசிலில் போய் இறங்கினார்கள். உதவிக்கு வழியெல்லாம் கப்பல்கள் நின்றன. "அந்தக் காலத்துலயே கடலத் தாண்டிருக்கான். இப்ப என்னத்தா பயம்?" என்று என்னிடம் கேட்பார். எனக்கு ஒரு பயமும் இல்லையே என்று முழிப்பேன்.

பத்து நாளில் அம்மா கொஞ்சம் இறங்கிவந்தாள். ஒரு ரூபாய்க் காசை மஞ்சள் துணியில் முடிந்து அழகர் படத்துக்குக் கீழே வைத்தாள். மாமா நல்லபடியாகத் திரும்பி வந்ததும் அழகர்கோவில் உண்டியலில் போடவேண்டிய காசு. அதுவரை யாரும் தொடக்கூடாது.

மாமா உற்சாகமாகிவிட்டார். இரண்டு பால்பவுடர் டப்பாவைப் படுக்கவைத்துச் சேர்த்துக் கட்டி, தகரத்தில் றெக்கை வைத்து, ஒரு பறக்கும் படகு செய்தார். ஞாயிற்றுக்கிழமை திருப்பரங்குன்றம் கண்மாய்க்கு அம்மாவையும் அழைத்துக்கொண்டு கிளம்பினோம். நான் சும்மா இருந்திருக்கலாம். அழகர் துணை இல்லாமல் எந்தப் பயணமும் கூடாது என்று எனக்குள் ஒரு பெரிய மனுஷித்தனம். யாருக்கும் தெரியாமல் அந்த முடிச்சை எடுத்து ஒரு டப்பாவுக்குள் போட்டு, அவசரமாக மூடினேன்.

தண்ணீரில் விட்டதும் படகு அழகாகத்தான் போனது. பிறகு ஒரு பக்கம் சாய்ந்தது. றெக்கை தண்ணீரைத் தொட்டது. அப்படியே குப்புறக் கவிழ்ந்துவிட்டது.

அம்மா கரையில் உட்கார்ந்துவிட்டாள். "போதும்டா தம்பி. பாத்துட்டேன்."

மாமா முழங்கால் தண்ணீரில் இறங்கி அதை எடுத்தார். ஒரு டப்பாவின் மூடி திறந்து கிடந்தது. உள்ளே பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அம்மாவுக்கு முதுகைக் காட்டியபடியே எதையோ எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"நான்தேங்க்கா மூடிய ஒழுங்கா மூடல."

"நீ எங்கிட்டும் போக வேணாம்டா."

மாமா டப்பாவிலிருந்த தண்ணீரைக் கவிழ்த்துக் கொட்டினார். "சரிக்கா, போகல."

சாயங்காலம் பார்த்தால் முடிச்சு ஈரத்தோடு அழகர் படத்துக்குக் கீழே இருந்தது. அப்பாடா, அடி தப்பியது என்று அன்றைக்கு நான் இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டேன். மாமா சாப்பிடாமல் படுத்ததுகூட எனக்கு உறைக்கவில்லை.

பல வருஷம் கழித்து அந்தப் புத்தகம் கையில் கிடைத்தது. கிளம்பும்போதே விழுந்த படகுகளும் செத்துப்போன ஆட்களும் அடுத்த பக்கத்திலேயே இருந்தார்கள். மாமா அந்தப் பக்கத்தை வாசித்ததே இல்லை. அவர் எனக்காக வாசிக்கவில்லை என்பதும் அப்போதுதான் புரிந்தது. பிள்ளை செய்த கோளாறு என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் குவைத் போயிருப்பார். அப்பாவை இழந்த பிள்ளைமேல் அந்தப் பழியும் வேண்டாம் என்று விட்டுவிட்டார்.

போன மாதம் எனக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்தது. மாமாதான் தன் ஆட்டோவில் விமான நிலையத்துக்குக் கொண்டுவந்து விட்டார். பெட்டியை இறக்கி வைத்துவிட்டுச் சிரித்தார்.

"மூடிய நல்லா அமுக்கி மூடுனியாத்தா?"

இத்தனை வருஷத்தில் அதைப் பற்றி அவர் பேசியது அந்த ஒரு தடவைதான். தலையை மட்டும் ஆட்டிவிட்டு உள்ளே போனேன். திரும்பிப் பார்த்தபோது மாமா கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கமே நின்றுகொண்டிருந்தார்.